சொந்தமா கேமிங் பிசி அசெம்பிள் செய்யப் போறீங்களா? எந்தப் பாகத்தை எப்படித் தேர்வு செய்வது? முழு விவரம்

"பிளஸ் டூ-வில் நல்ல மார்க் எடு, வாங்கித் தர்றேன்" என்று அப்பா கொடுத்த வாக்கு. மூன்று வருஷமாகச் சேர்த்த பாக்கெட் மணி. வேலைக்குச் சேர்ந்த முதல் சில மாதச் சம்பளம். ஒரு கேமிங் கம்ப்யூட்டருக்குப் பின்னால் பெரும்பாலும் இப்படி ஒரு கதை இருக்கும்.

ஆனால் கடையில் போய் நின்றதும் கேள்விகள் வரிசையாக வரும். ஐ5-ஆ, ரைசனா? 8 ஜிபி கார்டா, 16 ஜிபி கார்டா? டிடிஆர்4-ஆ, டிடிஆர்5-ஆ? "எல்லாம் ஒண்ணுதான் சார், இதை எடுத்துக்கோங்க" என்று யாரோ சொன்னதைக் கேட்டு வாங்கிவிட்டு, வீட்டுக்கு வந்த பிறகு ஒன்றோடு ஒன்று சேரவில்லை என்றால்? பெட்டியைப் பிரித்த பொருளைத் திரும்பக் கொடுப்பது அவ்வளவு சுலபம் இல்லை.

சரி, பாகங்களை எந்த வரிசையில் தேர்வு செய்வது? எங்கே காசு போடணும், எங்கே மிச்சம் பிடிக்கலாம்? விரிவாகப் பார்க்கலாம்.

ரெடிமேடாகவே வாங்கலாமே?

வாங்கலாம். ஹாஸ்டலில் தங்கிப் படிப்பவர், அடிக்கடி ஊர் மாறுபவர் என்றால் கேமிங் லேப்டாப்தான் சரி. ஆனால் லேப்டாப்பில் இருக்கும் கிராபிக்ஸ் சிப், அதே பெயரில் வரும் டெஸ்க்டாப் கார்டை விடப் பெரும்பாலும் குறைந்த மின்சக்தியில்தான் ஓடும். பின்னாளில் அதைக் கழற்றி வேறு மாற்றவும் முடியாது.

பிராண்டட் டெஸ்க்டாப்புகள் சிலவற்றில் மதர்போர்டும் பவர் சப்ளையும் அந்த நிறுவனத்துக்கே உரிய அளவில் இருக்கும். நாளைக்கு ஒரு பெரிய கார்டு போடலாம் என்று நினைத்தால் இடமும் இருக்காது, மின் இணைப்பும் இருக்காது.

அசெம்பிள் செய்வதில் ஒவ்வொரு ரூபாயும் எங்கே போகிறது என்று நமக்குத் தெரியும். மூன்று வருஷம் கழித்து ஒரு பாகத்தை மட்டும் மாற்றினால் போதும். இதில் ஒரு சிரமமும் உண்டு. ஒவ்வொரு பாகத்துக்கும் தனித்தனி வாரண்டி. பிரச்னை வந்தால் எந்தப் பாகத்தில் என்று கண்டுபிடிப்பது நம்ம பொறுப்பு.

முதலில் மானிட்டர், அப்புறம்தான் மற்றதெல்லாம்

பலர் பிராசஸரிலிருந்து லிஸ்ட் போடத் தொடங்குவார்கள். அது தலைகீழான வழி. எந்த கேம், எந்த மானிட்டர் என்ற இரண்டையும் முதலில் முடிவு செய்ய வேண்டும்.

காரணம் இதுதான். 1080பி திரையில் 1920×1080, அதாவது சுமார் 20.7 லட்சம் புள்ளிகள். 1440பி திரையில் 36.9 லட்சம். 4கே திரையில் 82.9 லட்சம். 1080பி-யிலிருந்து 4கே-க்குப் போனால் கிராபிக்ஸ் கார்டு ஒவ்வொரு ஃபிரேமிலும் சரியாக நான்கு மடங்கு புள்ளிகளை வரைய வேண்டும். 1080பி-க்குப் போதுமான கார்டு 4கே-யில் திணறுவது இதனால்தான்.

அடுத்தது ரெஃப்ரெஷ் ரேட். 60 ஹெர்ட்ஸ் மானிட்டர் ஒரு நொடியில் 60 முறைதான் படத்தைப் புதுப்பிக்கும். கார்டு 140 ஃபிரேம் கொடுத்தாலும் கண்ணுக்குத் தெரிவது 60 மட்டுமே. பெரிய கார்டு வாங்கிவிட்டு, வீட்டில் கிடக்கும் பழைய மானிட்டரில் மாட்டுவது, ரேஸ் பைக் வாங்கி சந்துக்குள் ஓட்டுவது மாதிரிதான்.

விளையாட்டுகளைப் பொதுவாக இரண்டாகப் பிரிக்கலாம்.

• வேலரன்ட், கவுன்டர் ஸ்டிரைக் 2 மாதிரியான போட்டி கேம்கள். இவை கிராபிக்ஸ் கார்டை அதிகம் சோதிக்காது. ஆனால் 144 ஃபிரேமுக்கு மேல் வேண்டும் என்றால் பிராசஸர் வேகம் முக்கியம்.

• சைபர்பங்க் 2077, பிளாக் மித்: வூகாங் மாதிரியான கதை சார்ந்த பெரிய கேம்கள். இங்கே முழு பாரமும் கிராபிக்ஸ் கார்டு மேல்தான்.

புதிதாகத் தொடங்குபவருக்கு 1080பி அல்லது 1440பி, 144 ஹெர்ட்ஸ் அல்லது அதற்கு மேல் என்பது நல்ல இலக்கு.

பட்ஜெட்டை எப்படிப் பிரிப்பது?

மானிட்டர், கீபோர்டு, மவுஸ், யுபிஎஸ் இவற்றுக்கான தொகையை முதலிலேயே தனியாக எடுத்து வைத்துவிடுங்கள். கையில் இருக்கும் எல்லாக் காசையும் கேபினட்டுக்குள் போட்டுவிட்டு, கடைசியில் மானிட்டருக்குக் கடன் வாங்குபவர்கள் நிறைய.

மீதித் தொகையில் சுமார் 35 முதல் 45 சதவீதம் வரை கிராபிக்ஸ் கார்டுக்குப் போகலாம். பிராசஸருக்கு அதில் பாதி. மதர்போர்டு, ரேம், எஸ்எஸ்டி, எஸ்எம்பிஎஸ், கேபினட் மீதியில் அடங்க வேண்டும். உதாரணமாக சிபியு பெட்டிக்கு மட்டும் 80 ஆயிரம் ரூபாய் என்றால், கார்டுக்கு 30 ஆயிரத்துக்கு மேல் ஒதுக்குவதில் தவறே இல்லை. 15 ஆயிரம் ரூபாய் கார்டும் 30 ஆயிரம் ரூபாய் பிராசஸரும் போட்டால் கேம் விளையாடும்போது அந்தப் பிராசஸர் பாதி நேரம் சும்மாதான் இருக்கும்.

கிராபிக்ஸ் கார்டு: பெயரைப் பார்த்து ஏமாறாதீங்க

என்விடியா கார்டு பெயரில் முதல் இரண்டு எண்கள் தலைமுறை, கடைசி இரண்டு எண்கள் தரநிலை. ஆர்டிஎக்ஸ் 4060 என்றால் 40-வது வரிசையில் 60-வது தரம். எண் பெரிதாக இருந்தால் எப்போதும் வேகம் அதிகம் என்று அர்த்தம் இல்லை. 3080 பழைய தலைமுறை, ஆனால் 4060-ஐ விட வேகமானது.

ஒரே பெயரில் வேறு வேறு கார்டுகளும் உண்டு. ஆர்டிஎக்ஸ் 3050 8 ஜிபி, 6 ஜிபி என இரண்டு வகைகளில் இருக்கிறது. வித்தியாசம் மெமரியில் மட்டும் இல்லை, 6 ஜிபி கார்டில் உள்ளே இருக்கும் கோர்களும் குறைவு. ஏஎம்டி-யின் ஆர்எக்ஸ் 580-லும் இதே கதை. அசல் கார்டில் 2304 ஸ்ட்ரீம் பிராசஸர்கள். 2048 மட்டும் உள்ள இன்னொரு வகையும் அதே 580 பெயரில் சந்தையில் சுற்றுகிறது. விலை சந்தேகப்படும் அளவுக்குக் குறைவாக இருந்தால் இதைக் கவனிக்கணும்.

"4 ஜிபி கிராபிக்ஸ் கார்டு போட்ட கேமிங் பிசி" என்று விளம்பரம் வந்தால் உள்ளே என்ன கார்டு என்று கேளுங்கள். பல நேரம் அது ஜிடி 730 ஆக இருக்கும். 2014-ல் வந்த கார்டு அது. மெமரி 4 ஜிபி இருந்தாலும் அந்தச் சிப்பில் இன்றைய பெரிய கேம்கள் ஓடாது.

மெமரி எவ்வளவு வேண்டும்? 1080பி-யில் போட்டி கேம்களுக்கு 8 ஜிபி போதும். புதிய பெரிய கேம்களை உயர்ந்த செட்டிங்கில் ஆடணும், நான்கைந்து வருஷம் கார்டை மாற்றக் கூடாது என்றால் 12 அல்லது 16 ஜிபி நல்லது. ஏஎம்டி ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி, என்விடியா ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ இரண்டுமே 8, 16 ஜிபி என இரு வகையிலும் வருகின்றன. பில் போடும் முன் எந்த வகை என்று பெட்டியில் பார்த்து உறுதி செய்யுங்கள். 2024 டிசம்பரில் வந்த இன்டெல் ஆர்க் பி580-ல் 12 ஜிபி இருக்கிறது.

பழைய கார்டு வாங்க நினைப்பவர்கள் இன்னொரு விஷயத்தையும் கவனிக்க வேண்டும். 'இண்டியானா ஜோன்ஸ் அண்ட் தி கிரேட் சர்க்கிள்', 'டூம்: தி டார்க் ஏஜஸ்' போன்ற கேம்கள் ரே டிரேசிங் வசதி உள்ள கார்டு இருந்தால்தான் ஓடும். ஒரு காலத்தில் ராஜாவாக இருந்த ஜிடிஎக்ஸ் 1080 டிஐ-யில் அந்த வசதி கிடையாது.

டிஎல்எஸ்எஸ், எஃப்எஸ்ஆர் என்று சொல்கிறார்களே, அது என்ன? குறைந்த புள்ளிகளில் படத்தை வரைந்து, அதைப் பெரிய திரைக்கு ஏற்ப மேம்படுத்தும் தொழில்நுட்பம். உண்மையிலேயே பயனுள்ளது. ஆனால் 'ஃபிரேம் ஜெனரேஷன்' என்பது வேறு. அது இரண்டு ஃபிரேம்களுக்கு நடுவில் புதிய ஃபிரேமைச் செருகும். படம் வழவழப்பாகத் தெரியும், ஆனால் மவுஸ் அசைவுக்குக் கிடைக்கும் பதில் வேகம் கூடாது. விளம்பரத்தில் "300 ஃபிரேம்" என்று வந்தால், அதில் இந்தச் செருகிய ஃபிரேம்கள் எத்தனை என்று பார்க்கணும்.

பிராசஸர்: ஐ7 என்றாலே வேகமா?

இல்லை. இங்கதான் நிறைய பேர் காசு விடுகிறார்கள். "ஐ7 பிராசஸர், 16 ஜிபி ரேம்" என்று மலிவாக விற்கப்படும் பல பழைய சிஸ்டங்களில் ஐ7-3770 போன்றவைதான் இருக்கும். அது 2012-ல் வந்தது. 2022-ல் வந்த ஐ3-12100 அதை எளிதாக முந்திவிடும். ஐ3, ஐ5, ஐ7 என்பதற்கு அடுத்து வரும் எண்ணைப் பாருங்கள். ஐ5-12400 என்றால் 12-வது தலைமுறை. விண்டோஸ் 11-க்கு இன்டெல் பக்கம் 8-வது தலைமுறை முதல்தான் அதிகாரப்பூர்வ ஆதரவு. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது.

பெயரின் கடைசியில் வரும் எழுத்துகளுக்கும் அர்த்தம் உண்டு.

• எஃப்: உள்ளே கிராபிக்ஸ் இல்லை. தனி கார்டு மாட்டினால்தான் திரையில் படம் வரும். ஐ5-12400எஃப், ரைசன் 5 7500எஃப் இந்த வகை.

• கே: இன்டெலில் வேகத்தைக் கூட்டிக்கொள்ளலாம். அதற்கு விலை அதிகமான இசட் வரிசை மதர்போர்டு வேண்டும். பெரும்பாலானவர்களுக்குத் தேவையில்லை.

• ஜி: ஏஎம்டி-யில் ஓரளவு நல்ல கிராபிக்ஸ் உள்ளேயே இருக்கும். ரைசன் 5 5600ஜி, 8600ஜி உதாரணங்கள்.

• எக்ஸ்3டி: கூடுதல் கேஷ் மெமரி அடுக்கப்பட்டது. கேமிங்கில் முன்னணியில் இருக்கும் 7800எக்ஸ்3டி, 9800எக்ஸ்3டி இந்த வகை.

நடுத்தர கார்டு போடப் போகிறவருக்கு 6 கோர், 12 த்ரெட் உள்ள பிராசஸர் தாராளமாகப் போதும். ரைசன் 5 7600, ஐ5-12400எஃப் இரண்டும் அப்படிப்பட்டவை. வீடியோ எடிட்டிங், ஸ்ட்ரீமிங் செய்பவர்கள் 8 கோருக்குப் போகலாம்.

இன்டெல் 13, 14-வது தலைமுறை டெஸ்க்டாப் பிராசஸர்கள் சிலவற்றில் மின்னழுத்தம் அதிகமாகப் பாய்ந்து, நாளடைவில் சிஸ்டம் கிராஷ் ஆகும் பிரச்னை 2024-ல் வெளியே வந்தது. இன்டெல் அதற்கு பயாஸ் வழியாகத் திருத்தம் வெளியிட்டதோடு, பாதிக்கப்பட்ட மாடல்களுக்கு வாரண்டியை இரண்டு ஆண்டுகள் நீட்டித்தது. இந்தப் பிராசஸர்களைப் புதிதாக வாங்கினால் முதல் வேலை பயாஸ் அப்டேட். செகண்ட் ஹேண்டில் வாங்குவதைத் தவிர்ப்பதே நல்லது.

கையில் காசு குறைவு என்றால் ஒரு வழி இருக்கிறது. இப்போதைக்கு 8600ஜி போன்ற ஒன்றை வாங்கி, கார்டு இல்லாமலே வேலரன்ட் அளவிலான கேம்களை ஆடலாம். ஒரு வருஷம் கழித்துக் கார்டு சேர்த்துக்கொள்ளலாம். கார்டு போட்ட பிறகு இது 7600-ஐ விடச் சற்றுப் பின்தங்கும். ஆனால் கடன் வாங்குவதை விட இது மேல்.

மதர்போர்டு: சாக்கெட் பொருந்தினால்தான் எல்லாம்

பிராசஸர் உட்காரும் இடம்தான் சாக்கெட். இது பொருந்தவில்லை என்றால் கதை முடிந்தது.

• ஏஎம்4: ரைசன் 1000 முதல் 5000 வரிசை வரை. டிடிஆர்4 ரேம்.
• ஏஎம்5: ரைசன் 7000, 8000, 9000 வரிசைகள். டிடிஆர்5 ரேம் மட்டும்.
• எல்ஜிஏ 1700: இன்டெல் 12, 13, 14-வது தலைமுறை. போர்டைப் பொறுத்து டிடிஆர்4 அல்லது டிடிஆர்5.
• எல்ஜிஏ 1851: இன்டெல் கோர் அல்ட்ரா 200 வரிசை. டிடிஆர்5 மட்டும்.

இன்று புதிதாக வாங்குபவர்களில் பலர் ஏஎம்5 பக்கம் போகக் காரணம், அந்த சாக்கெட்டை 2027 வரையிலும் அதற்குப் பிறகும் ஆதரிப்போம் என்று ஏஎம்டி சொல்லியிருப்பதுதான். அப்படியானால் சில வருஷம் கழித்து போர்டை மாற்றாமல் பிராசஸரை மட்டும் மாற்ற வாய்ப்பிருக்கிறது.

ஏ620, எச்610 போன்ற மலிவு சிப்செட் போர்டுகளில் 6 கோர் பிராசஸர் பிரச்னை இல்லாமல் ஓடும். ஆனால் ரேம் ஸ்லாட், எஸ்எஸ்டி ஸ்லாட், மின்சாரம் கொடுக்கும் பகுதி எல்லாமே அளவாகத்தான் இருக்கும். பி650, பி850, பி760 வரிசைகள் நடுத்தரம். பெரும்பாலானவர்களுக்கு இதுவே போதும்.

பழைய ஸ்டாக் போர்டில் புதிய பிராசஸரை மாட்டினால் ஆன் ஆகாமல் போகலாம். பி650 போர்டில் ரைசன் 9000 வரிசை வேலை செய்யும், ஆனால் பயாஸ் அப்டேட் ஆகியிருக்க வேண்டும். கடையிலேயே அப்டேட் செய்து தரச் சொல்லுங்கள்.

ரேம்: ஒன்று பெரியதா, இரண்டு சிறியதா?

16 ஜிபி என்றால் 8 ஜிபி-யில் இரண்டு. 32 ஜிபி என்றால் 16 ஜிபி-யில் இரண்டு. இரண்டு ஸ்டிக் போட்டால் பிராசஸருக்கும் ரேமுக்கும் நடுவில் இரண்டு பாதைகள் திறக்கும். ஜி வகைப் பிராசஸரை நம்பி விளையாடுபவர்களுக்கு இந்த வித்தியாசம் கண்கூடாகத் தெரியும்.

டிடிஆர்4, டிடிஆர்5 இரண்டிலும் 288 பின்தான். ஆனால் நடுவில் இருக்கும் வெட்டு வேறு வேறு இடத்தில் இருக்கும். ஒன்றின் ஸ்லாட்டில் இன்னொன்று நுழையாது. அழுத்தித் தள்ளினால் போர்டுதான் உடையும்.

ஏஎம்5-க்கு டிடிஆர்5 6000 வேகம் நல்ல தேர்வு. இங்கே இன்னொரு நடைமுறைச் சிக்கல் உண்டு. ஏஐ டேட்டா சென்டர்களுக்கான தேவையால் 2025 கடைசியில் இருந்து உலகம் முழுக்க ரேம் விலை கடுமையாக ஏறியது. பழைய யூடியூப் வீடியோவில் பார்த்த விலையை நம்பி பட்ஜெட் போடாதீங்க. முதலில் 16 ஜிபி-யோடு தொடங்கி, நான்கு ஸ்லாட் உள்ள போர்டாக எடுத்தாலும், பின்னால் நான்கு ஸ்டிக் போடும்போது டிடிஆர்5 வேகம் குறையக்கூடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

எஸ்எஸ்டி: ஹார்டு டிஸ்க் மட்டும் போதாதா?

போதாது. சைபர்பங்க் 2077, ஸ்டார்ஃபீல்டு போன்ற கேம்கள் குறைந்தபட்சத் தேவையாகவே எஸ்எஸ்டி கேட்கின்றன.

சாட்டா எஸ்எஸ்டி நொடிக்குச் சுமார் 550 எம்பி வரை படிக்கும். என்விஎம்இ ஜென்3 சுமார் 3,500 எம்பி, ஜென்4 சுமார் 7,000 எம்பி வரை போகும். ஆனால் கேம் திறக்கும் நேரத்தில் ஜென்3-க்கும் ஜென்4-க்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. ஹார்டு டிஸ்க்கிலிருந்து எஸ்எஸ்டி-க்கு மாறுவதுதான் பெரிய தாவல்.

பெரிய கேம்கள் ஒவ்வொன்றும் 100 ஜிபி-யைத் தாண்டுவது சகஜமாகிவிட்டது. அதனால் 1 டிபி என்விஎம்இ நல்ல தொடக்கம். எம்.2 வடிவத்தில் சாட்டா எஸ்எஸ்டி-யும் வரும். வடிவத்தைப் பார்த்து வாங்காமல், 'என்விஎம்இ' என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.

எஸ்எம்பிஎஸ்: இதில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம்

எல்லாரும் கடைசியில் மிஞ்சிய காசில் வாங்கும் பொருள் இது. ஆனால் இது போனால் தனியாகப் போகாது, மதர்போர்டையும் கார்டையும் கூட்டிக்கொண்டு போகலாம். கேபினட்டோடு "இலவசமாக" வரும் எஸ்எம்பிஎஸ்-ஐ கேமிங் சிஸ்டத்தில் மாட்டவே கூடாது.

எத்தனை வாட்ஸ் வேண்டும்? ஒரு கணக்குப் போடலாம். ரைசன் 5 7600 அதிகபட்சம் சுமார் 88 வாட்ஸ் எடுக்கும். ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி 16 ஜிபி கார்டு 160 வாட்ஸ். போர்டு, ரேம், எஸ்எஸ்டி, ஃபேன் எல்லாம் சேர்த்து 60 முதல் 70 வாட்ஸ். ஆக மொத்தம் 320 வாட்ஸ் அளவு. கார்டு திடீரென்று நொடிப்பொழுது அதிகம் இழுக்கும் என்பதால் இதற்கு மேல் இடைவெளி தேவை. 550 வாட்ஸ் போதும், 650 இருந்தால் நாளைய பெரிய கார்டுக்கும் ஆகும். ஆர்டிஎக்ஸ் 5060-க்கு என்விடியா பரிந்துரைப்பதும் 550 வாட்ஸ்தான்.

'80 பிளஸ் பிரான்ஸ்', 'கோல்டு' என்ற முத்திரைகள் மின்சாரத்தை எவ்வளவு வீணாக்காமல் தருகிறது என்பதைச் சொல்பவை. பாதுகாப்புக்கான சான்றிதழ் இல்லை. அதனால் முத்திரையோடு நிறுத்தாமல், ஐந்து வருஷமோ அதற்கு மேலோ வாரண்டி தரும் மாடலா, அதிக மின்னழுத்தம், ஷார்ட் சர்க்யூட் பாதுகாப்பு இருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

கரன்ட் கட் ஆனா என்ன செய்றது?

ஊர்ப்பக்கம் இருப்பவர்களுக்கு இது பெரிய கேள்வி. கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் 600 விஏ யுபிஎஸ் தாங்கும் அளவு பெரும்பாலும் 360 வாட்ஸ்தான். விஏ வேறு, வாட்ஸ் வேறு. மேலே போட்ட 320 வாட்ஸ் கணக்கோடு மானிட்டரையும் சேர்த்தால், விளையாடும் நேரத்தில் கரன்ட் போனால் அந்த யுபிஎஸ் அப்படியே கைவிரித்துவிடும். 1000 அல்லது 1100 விஏ பார்ப்பது பாதுகாப்பு.

இன்றைய நல்ல எஸ்எம்பிஎஸ்-கள் சில, மலிவான யுபிஎஸ்-கள் தரும் சதுர அலை மின்சாரத்தோடு ஒத்துப்போகாமல் நின்றுவிடுவதும் உண்டு. முடிந்தால் கடையில் இரண்டையும் சேர்த்து மாட்டி, பிளக்கைப் பிடுங்கிப் பார்த்துவிட்டு வாங்குங்கள். யுபிஎஸ் என்பது தொடர்ந்து விளையாட அல்ல, சேவ் செய்துவிட்டு ஒழுங்காக ஆஃப் செய்ய. வீட்டில் எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனிடம் ஒரு முறை பார்த்துக்கொள்வதும் நல்லது.

கேபினட், கூலர்: நம்ம ஊர் வெயிலை மறக்காதீங்க

வெளிநாட்டு ரிவ்யூக்கள் பெரும்பாலும் ஏசி போட்ட, 20-25 டிகிரி அறையில் எடுக்கப்பட்டவை. மே மாத வேலூரிலோ திருச்சியிலோ ஏசி இல்லாத அறை 36, 37 டிகிரியைத் தொடும். அறைச் சூடு எவ்வளவு கூடுதோ, பாகங்களின் சூடும் ஏறக்குறைய அவ்வளவு கூடும். அங்கே 70 டிகிரி காட்டிய கார்டு இங்கே 82 காட்டினால் ஆச்சரியமில்லை.

அதனால் முன்பக்கம் முழுக்கக் கண்ணாடியாக மூடிய கேபினட்டைத் தவிர்த்து, வலை வைத்த கேபினட்டாக எடுங்கள். முன்னால் இரண்டு ஃபேன் உள்ளே இழுக்க, பின்னால் ஒன்று வெளியே தள்ள என்பது நல்ல அமைப்பு. ஆர்ஜிபி விளக்குக்குக் கொடுக்கும் காசை இங்கே கொடுக்கலாம்.

ரைசன் 5 7600-க்குக் கூலர் பெட்டியிலேயே வரும், 7600எக்ஸ்-க்கு வராது. தனியாக வாங்கணும். வாங்கும் முன் மூன்று அளவுகளைச் சரிபாருங்கள்: கார்டின் நீளம், கூலரின் உயரம், போர்டின் அளவு. இவற்றுக்கு எவ்வளவு இடம் என்று கேபினட் பெட்டியிலேயே எழுதியிருக்கும்.

எல்லாவற்றையும் சேர்த்தால்?

1440பி-யில் விளையாட, ஒன்றோடு ஒன்று பொருந்தும் ஒரு மாதிரிப் பட்டியல் இது:

• பிராசஸர்: ரைசன் 5 7600
• மதர்போர்டு: பி650 அல்லது பி850, டிடிஆர்5
• ரேம்: டிடிஆர்5 6000, இரண்டு ஸ்டிக்
• கார்டு: ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி 16 ஜிபி
• எஸ்எஸ்டி: 1 டிபி என்விஎம்இ
• எஸ்எம்பிஎஸ்: 650 வாட்ஸ், 80 பிளஸ் பிரான்ஸ் அல்லது கோல்டு
• கேபினட்: வலை முகப்பு, மூன்று ஃபேன்

1080பி போட்டி கேம்கள் மட்டும்தான் என்றால் கார்டை 8 ஜிபி வகைக்கு இறக்கி, அந்தக் காசை 144 ஹெர்ட்ஸ் மானிட்டரில் போடலாம்.

எங்கே வாங்குவது? பில் எதற்கு?

சென்னை என்றால் அண்ணா சாலைக்குப் பக்கத்தில் இருக்கும் ரிச்சி ஸ்ட்ரீட் எல்லாருக்கும் தெரியும். கோவை, மதுரை, திருச்சியிலும் நல்ல கடைகள் இருக்கின்றன. குறைந்தது மூன்று கடைகளில் எழுத்தில் கொட்டேஷன் வாங்குங்கள். ஆன்லைன் விலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

"பில் வேண்டாம்னா 18 சதவீத ஜிஎஸ்டி மிச்சம்" என்று சொன்னால் சம்மதிக்காதீங்க. பெரும்பாலான பாகங்களுக்கு மூன்று வருஷ வாரண்டி உண்டு. பில் இல்லை என்றால் அந்த மூன்று வருஷமும் காற்றில் போச்சு. பில்லில் ஒவ்வொரு பாகத்தின் முழு மாடல் பெயரும், முடிந்தால் சீரியல் நம்பரும் இருக்க வேண்டும். "கம்ப்யூட்டர் செட் - 1" என்று மொத்தமாக எழுதிய பில், சர்வீஸ் சென்டரில் உதவாது.

பெட்டியில்லாமல் வரும் 'ட்ரே' பிராசஸர் விலை குறைவாக இருக்கும். ஆனால் அதற்குத் தயாரிப்பு நிறுவனத்தின் நேரடி வாரண்டி பொதுவாகக் கிடையாது, கடைக்காரர் தருவதுதான். புகார் தீரவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம்.

செகண்ட் ஹேண்ட் கார்டு வாங்கலாமா?

வாங்கலாம், பார்த்து வாங்கணும். 2022 செப்டம்பரில் எத்திரியம் மைனிங் முறையைக் கைவிட்ட பிறகு, இரவு பகலாக ஓடிய கார்டுகள் பெருமளவில் விற்பனைக்கு வந்தன. மைனிங்கில் ஓடியது என்பதாலேயே கெட்டுப்போனது என்று சொல்ல முடியாது. ஆனால் ஃபேன், தெர்மல் பேஸ்ட் தேய்ந்திருக்கும்.

விற்பவர் வீட்டில் அல்லது கடையில் நேரில் ஓட்டிப் பாருங்கள். ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருள் உண்மையான சிப் எது என்று காட்டும். போலி என்விடியா கார்டுகளையும் அடையாளம் காணும். அதன் பிறகு ஒரு கேமை அரை மணி நேரமாவது ஓட்டி, திரையில் கோடு, புள்ளி வருகிறதா, ஃபேன் சத்தம் எப்படி என்று கவனியுங்கள். பார்க்காமல் முன்பணம் அனுப்பவே கூடாது.

முதல் முறை ஆன் செய்ததும் செய்ய வேண்டியவை

1. மானிட்டர் கேபிளை கிராபிக்ஸ் கார்டில் செருகுங்கள், மதர்போர்டில் அல்ல. "புது கார்டு போட்டும் வேகம் இல்லையே" என்ற புலம்பலுக்குப் பல நேரம் இதுதான் காரணம்.

2. பயாஸில் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போவை ஆன் செய்யுங்கள். இல்லாவிட்டால் 6000 வேக ரேம் குறைந்த வேகத்திலேயே ஓடும்.

3. விண்டோஸ் டிஸ்பிளே செட்டிங்கில் 144 ஹெர்ட்ஸ் தேர்வு செய்யுங்கள். தானாக 60-ல் நிற்கும் வாய்ப்பு அதிகம்.

4. டிபிஎம் 2.0, செக்யூர் பூட் இரண்டும் ஆனில் இருக்கட்டும். விண்டோஸ் 11-ல் வேலரன்ட் ஆட இவை அவசியம்.

5. எல்லாப் பெட்டிகளையும் பில்லையும் பத்திரமாக வையுங்கள். பில்லை போட்டோ எடுத்து மெயிலில் போட்டு வைத்தால் இன்னும் நல்லது, தெர்மல் பேப்பரில் இருக்கும் எழுத்து சில மாதங்களில் மறைந்துவிடும்.

வாங்கும் முன் கடைசியாக ஒரு தடவை

பட்டியலைப் போட்டு முடித்ததும் இரண்டு நாள் அப்படியே வையுங்கள். சாக்கெட் பொருந்துகிறதா, ரேம் வகை சரியா, வாட்ஸ் போதுமா, கார்டு கேபினட்டுக்குள் போகுமா என்ற நான்கு கேள்விகளுக்கும் 'ஆமாம்' என்று பதில் வந்த பிறகு கடைக்குக் கிளம்புங்கள். அடுத்த வருஷம் இதை விட நல்ல கார்டு வரும், அது எப்போதும் நடப்பதுதான். இப்போது ஆசைப்படும் கேம் இப்போது வாங்கும் மானிட்டரில் தடங்கல் இல்லாமல் ஓடினால், அப்பா கொடுத்த காசும் சேர்த்து வைத்த பாக்கெட் மணியும் சரியான இடத்தில்தான் போயிருக்கிறது.